டிரில் சார் எழுந்து நின்ன கதை

பிரசங்கத்தைக் கொஞ்சம் ஓரமா வச்சிட்டு, ஒரு குட்டிக் கதைக்குள்ள போயிட்டு வருவோமா?... பின்னாடி இருக்கவங்களுக்குக் கேக்குதா? சரி.

எங்க ஊர்ல ஞானமுத்து சார்னு ஒரு டிரில் மாஸ்டர். அவர் விசில் ஊதினா மைதானத்துல மேயுற ஆடுகூட அசையாம நிக்கும்! ஞாயித்துக்கிழமை ஆனா அவரும் அவர் சம்சாரம் தங்கபுஷ்பம் அம்மாவும் ஒரே சைக்கிள்ல கோயிலுக்கு வருவாங்க. முன்னாடி இவர் மிதிப்பார், பின்னாடி அந்த அம்மா பைபிளை நெஞ்சோட அணைச்சிக்கிட்டு... அடடா, என்ன நாளு அதெல்லாம்! இப்ப நினைச்சாலும் மனசு அந்தக் கோயில் வாசல்லயே போய் நிக்குது.

வருஷம் ஓடிப்போச்சு. ரெண்டு பையன். ஒருத்தன் சென்னை, ஒருத்தன் கோயமுத்தூர். வீட்டுல இவங்க ரெண்டு பேரு மட்டும். ஒரு நாள் சுகாதார நிலையத்துல இருந்து ஒரு நர்சம்மா வந்தாங்க. வயசானவங்க அவங்கவங்க வேலையைத் தானா செஞ்சுக்க முடியுதான்னு வீடு வீடா விசாரிக்கிறாங்க.

"சார், நீங்களே குளிச்சுக்குவீங்களா?"

"ஓ!"

"சட்டை போடுறது?"

"என்னம்மா கேள்வி இது? நான் டிரில் மாஸ்டராக்கும்!"

தங்கபுஷ்பம் அம்மாவும் கூடவே, "ஆமாம்மா, அவுக வேலையெல்லாம் அவுகளே பாத்துக்குவாக."

நர்சம்மா விடல. "சரி சார், ஒரு தடவை எழுந்து நில்லுங்க பாப்போம்."

சார் நாற்காலியைப் பிடிச்சார்... அவ்வளவுதான்! தங்கபுஷ்பம் அம்மா கை தானா போயி அவர் அக்குளைத் தாங்கிருச்சு. வாய் பொய் சொல்லிருச்சு... பழகின கைக்குப் பொய் சொல்லத் தெரியுமா?

சார் பொலபொலன்னு அழுதுட்டார். "பிள்ளைங்களுக்குச் சொல்லிராதம்மா. தெரிஞ்சா என்னைப் பெரியவன் கூட்டிட்டுப் போயிருவான், இவளைச் சின்னவன் கூட்டிட்டுப் போயிருவான். ஏற்கனவே பேசி வச்சிருக்கானுங்க. இவ இல்லாம நான் எப்படிம்மா இருப்பேன்?"

"அய்யோ சார்! பிரிக்கவா நான் வந்தேன்? நீங்க ரெண்டு பேரும் இதே வீட்டுல விழாம கொள்ளாம இருக்கணும்னுதானே கேக்குறேன்!"

அந்த வாரமே குளியலறைச் சுவத்துல பிடிச்சுக்கக் கம்பி வந்துச்சு. நாற்காலியை உசத்திப் போட்டாங்க. கால் வலுவுக்குப் பயிற்சி குடுக்க ஆள் வந்தாங்க. சார்கிட்டக் கேட்டுக்கிட்டு, பிள்ளைங்ககிட்டயும் அந்த நர்சம்மாவே பேசினாங்க. ஆளுக்கு ஒருத்தரா பிரிச்சுக்கிற பேச்சு அதோட நின்னுச்சு.

இப்ப உங்களைக் கேக்குறேன்... போன்ல "நல்லா இருக்கீங்களா"ங்குறோம். "நல்லா இருக்கோம்"ங்குறாங்க. உடனே வச்சிடுறோம். அவங்க எதை மறைக்கிறாங்க? முட்டு வலியையா? இல்லய்யா... நம்மளைப் பாத்து பயந்து மறைக்கிறாங்க. பெத்தவங்க, பெத்த பிள்ளைக்குப் பயப்படுறாங்க!

இந்த வாரம் நேர்ல போங்க. "எதும்மா கஷ்டமா இருக்கு, எதுப்பா முடியல"ன்னு கேளுங்க. ஆனா அதுக்கு முன்னாடி பக்கத்துல உக்காந்து, "உங்க ரெண்டு பேரையும் பிரிக்க மாட்டோம்"னு சொல்லுங்க... அப்புறம் நீங்க ஒண்ணும் கேக்கவே வேண்டாம். எல்லாத்தையும் அவங்களே சொல்லுவாங்க.