கோயில் வாசலில் நின்றவர்

ஜெர்மனியின் எசன் நகர ட்ராமில் தமிழ் யாருக்கும் விளங்காது என்ற நம்பிக்கை நம்மவர்களுக்கு எப்போதும் உண்டு. எனக்கு முன்னிருக்கையில் இரண்டு பேர். இளையவர் நெற்றியில் புது விபூதி. மூத்தவரின் நெற்றி வெறுமையாக இருந்தது.

“ஏன் அண்ணை கோயிலுக்குள்ள வராமல் வாசல்லயே நிண்டனீங்கள்?”

“உள்ள வந்தாச் சட்டையைக் கழட்ட வேணுமெல்லோ. இடுப்பில கைத்துவக்கு.”

“துவக்கோ!”

“மெல்லக் கதையும். என்ர கடைக்குள்ள கள்ளர் வந்தாப் பிறகு வாங்கினது. காஸ் அடிக்கிறதுதான், குண்டு இல்லை. மெல்லிசா, துணியில சிக்காததாத் தேடி எடுத்தனான். சட்டைக்குள்ள இருந்தா ஒருத்தருக்கும் தெரியாது.”

“கேட்ட ஆக்களுக்கு என்ன சொன்னனீங்கள்?”

“செத்தவீட்டுத் துடக்கு எண்டு.”

“ஆர் செத்ததாம்?”

அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

“பெரியண்ணை.”

“அவரை ஊரில சுட்டு எத்தினை வருசம், அண்ணை!”

“வேற பேர் வாயில வரேல்லை.” தன் கையைப் பார்த்தார். “நோய் வருத்தமாக் கிடந்தவரோ எண்டு கேட்டு, என்ர கையைப் பிடிச்சவை.”

“அதுக்கு என்ன சொன்னனீங்கள்?”

“இல்லை, திடீரெண்டு எண்டனான்.”