பச்சை ஸ்டாண்டில் ஒரு குழாய்

அக்கா: கண்ணைத் திறடா. ஊசி போட்டு முடிச்சாச்சு.

தம்பி: சும்மா சொல்லாதே. இப்போதான் பஞ்சு வெச்சுத் துடைச்சாங்க.

நர்ஸ்: நிஜமாவே முடிஞ்சிருச்சு சார். மூணு குழாயும் ரொம்பியாச்சு. கையை மடக்கிப் பிடிச்சுக்குங்க.

அக்கா: சின்ன வயசுல இவனுக்குத் தடுப்பூசி போட நாலு பேர் பிடிக்கணும், சிஸ்டர்.

தம்பி: அந்த நாலு பேரும் இவதான்.

நர்ஸ்: வீட்லயும் இப்படித்தானா ரெண்டு பேரும்?

அக்கா: இங்க உங்களுக்குப் பயந்து அடங்கியிருக்கோம்.

நர்ஸ்: அவசரம்னா கூப்பிட ஒரு போன் நம்பர் குடுத்திருக்கீங்களே சார், இது உங்களுதா?

அக்கா: காட்டுங்க... அது என்னுது. எங்க போனாலும் என் நம்பரைத்தான் குடுப்பான். செருப்பு வாங்கினாலும் என் நம்பர், சிலிண்டர் புக் பண்ணினாலும் என் நம்பர். கூரியர்காரன் என்னை 'சார்'னுதான் கூப்பிடறான்.

தம்பி: கை அப்படியே எழுதிடுதுக்கா. என் நம்பர் எனக்குப் பாதிதான் ஞாபகம் இருக்கு.

அக்கா: மீதிப் பாதியை நான் வெச்சிருக்கேன்.

நர்ஸ்: சரி, இவருது சிவப்பு ஸ்டாண்ட்ல. நீங்க உக்காருங்கம்மா. உங்களுது பச்சை.

அக்கா: அதென்ன, சிக்னல் மாதிரி?

நர்ஸ்: சிவப்பு, பைபோலார், அதான் மனசு ஒரேயடியா ஏறி ஒரேயடியா இறங்கற வியாதி இருக்கிறவங்க ரத்தம். பச்சை, அவங்க கூடப்பிறந்தவங்கள்ல நல்லா இருக்கிறவங்க ரத்தம். ரெண்டையும் பக்கத்துல வெச்சு எது மாறுதுன்னு ஆராய்ச்சி பண்றவங்க தேடுவாங்க.

அக்கா: சர்க்கரைக்கு ஒரு எண் வருதே... அது மாதிரி வந்துடுமா?

நர்ஸ்: வரணும்னுதான் எல்லாரும் மண்டையை உடைச்சுக்கறாங்க. ஏதோ கிடைச்ச மாதிரி இருக்கும். வேற கொஞ்சம் பேர் ரத்தத்துல பாத்தா அது இருக்காது. திரும்ப முதல்ல இருந்து.

அக்கா: அது வரைக்கும்?

நர்ஸ்: அது வரைக்கும் வாய் வார்த்தைதாம்மா. வந்தவங்க சொன்னா டாக்டருக்குத் தெரியும். இல்லேன்னா கூட இருக்கிறவங்க சொல்லணும்.

தம்பி: நான் சொன்ன லட்சணம் ஊருக்கே தெரியும். அழுது படுத்துக் கிடந்த கதையை மட்டும் சொன்னேன்.

நர்ஸ்: இன்னொரு பக்கத்தைச் சொல்லலையா?

தம்பி: சந்தோஷமா இருக்கேன்னு யாராவது டாக்டர்கிட்ட போய் முறையிடுவாங்களா? அவரும் சோகத்துக்கு மட்டும் மாத்திரை குடுத்தார். அதைப் போட்டுக்கிட்டு நான் இன்னும் மேல போயிட்டேன்.

அக்கா: மூணு பைக் வாங்கினான், சிஸ்டர். ஓட்டத் தெரியாது.

தம்பி: கத்துக்கலாம்னுதான்...

அக்கா: மூணுலயுமா?

நர்ஸ்: அப்போ யார்தான் கண்டுபிடிச்சாங்க?

தம்பி: இவதான். டாக்டர் ரூமுக்குள்ள தள்ளிட்டுப் போய், "இவன் மாடிப்படியை ரெண்டு ரெண்டா ஏற ஆரம்பிச்சா அடுத்து எதையாவது வாங்கிக் குவிப்பான் டாக்டர்"னு ஒரே போடு.

நர்ஸ்: படி ஏறுறதா?

அக்கா: சத்தத்துலயே தெரிஞ்சிடும். ஒழுங்கா ஏறினா நல்லா இருக்கான். ரெண்டு ரெண்டா ஏறினா நான் பர்ஸை எடுத்து ஒளிச்சு வெச்சிடுவேன்.

நர்ஸ்: அதை ஒரு குழாய்ல பிடிச்சுக் குடுங்க, எங்க ஆளுங்க உங்களைத் தலைமேல தூக்கி வெச்சுக்குவாங்க. கையை நீட்டுங்கம்மா.

அக்கா: இந்த ரூமுக்கு ஏன் திரையே இல்லை? நான் தெச்சுத் தர்றேன். காசு வேண்டாம். இந்த மாடி முழுக்க. கீழ் மாடிக்கும்தான். வெளிர் நீலம். இல்லே, மஞ்சள்... மஞ்சள்தான் நல்லா இருக்கும். நாளைக்கே குடுத்துடறேன்.

தம்பி: அக்கா.

அக்கா: என்ன?

தம்பி: கழுத்துல அளவு டேப் எங்கே?

அக்கா: தையல் கடையில இருக்கும்.

தம்பி: கல்யாண வீட்டுக்குக்கூட அதைப் போட்டுக்கிட்டுத்தானே வருவ?

அக்கா: இப்போ தேவைப்படலைடா. துணியைப் பாத்தாலே அளவு கண்ணுக்குள்ள வந்து நிக்குது.

தம்பி: கடையில ஒரு முழு ரோல் துணியை வெட்டிப் போட்டிருக்கியே. யார் ஆர்டர்?

அக்கா: வரும்.

தம்பி: நீ ஒரு கைக்குட்டைக்கே ரெண்டு தடவை அளப்ப.

அக்கா: ஏன், நான் வேகமா வேலை செய்யக் கூடாதா? சிஸ்டர், நீங்க குத்துங்க. இவன் பேசிட்டே இருப்பான்.

நர்ஸ்: சில கேள்வி கேட்டுட்டுத்தான் எடுக்கணும்மா. தூக்கம் எப்படி?

அக்கா: நல்லா.

நர்ஸ்: மனசு ரொம்ப சோர்ந்து போறது...

அக்கா: இல்லை.

நர்ஸ்: ஏதாவது மாத்திரை?

அக்கா: ...இல்லை.

நர்ஸ்: சரி... லேசா சுருக்குன்னு இருக்கும்... அவ்வளவுதான். பாருங்க, தம்பியை விட நீங்க தைரியசாலி.

தம்பி: அது தெரிஞ்ச விஷயம்தானே.

நர்ஸ்: இதைப் பச்சையில வெச்சிடறேன்.

அக்கா: சிஸ்டர்... தெரியாம வேற ஆள் ரத்தம் பச்சைக்குள்ள போயிட்டா என்ன ஆகும்?

நர்ஸ்: ஒண்ணு ரெண்டுன்னா சமாளிச்சுக்குவாங்க. நிறைய பேர் அப்படிப் போயிட்டா ரெண்டு பக்கமும் ஒண்ணாத் தெரியும். தேடுறது கிடைக்காமலே போகலாம்.

அக்கா: கிடைச்சா இவனை மாதிரி ஆளுங்க தப்பு மாத்திரை போட்டுக்கிட்டு அல்லாட வேண்டாம்... இல்ல?

நர்ஸ்: அதுக்குத்தானேம்மா இவ்வளவும்.

அக்கா: அப்போ அதை அங்க வைக்காதீங்க.

தம்பி: அக்கா...

அக்கா: பேசாதேடா. அப்புறம் எனக்குச் சொல்ல வராது. ரெண்டு மாசமா நானும் மாத்திரை போடறேன், சிஸ்டர். கடைக்குப் பக்கத்து கிளினிக்ல குடுத்தாங்க. அழுகை அழுகையா வருதுன்னு போனேன்.

தம்பி: அதை மட்டும்தான் சொன்னியா?

அக்கா: அதை மட்டும்தான்.

தம்பி: என் கதையை அத்தனை தடவை கேட்டுமா?

அக்கா: கேட்டும்தான். இப்போ ஒரு வாரமா தூக்கம் வரலை. வேணும்னும் தோணலை. உடம்பு பஞ்சு மாதிரி இருக்குடா. எவ்வளவு நல்லா இருக்கு தெரியுமா? நீ ஏன் அன்னைக்குச் சொல்லலைன்னு இப்போதான் புரியுது. உன்னை எவ்வளவு திட்டியிருக்கேன்...

தம்பி: திட்டினதாலதான் இன்னைக்கு உக்காந்து பேசிட்டிருக்கேன். அழாதே.

அக்கா: பயமா இருக்குடா. நானும் விழுந்துட்டா உன்னை யாரு பாத்துக்குவா?

தம்பி: முதல்ல நான் உன்னைப் பாத்துக்கறேன். அப்புறம் மாத்திக்கலாம்.

நர்ஸ்: குழாயைத் தனியா வெச்சிடறேம்மா. பொய் சொல்லிட்டோம்னு நினைக்காதீங்க. மாத்திரையை நீங்களா நிறுத்திடாதீங்க, இன்னைக்கே டாக்டரைப் பாத்துக் கேளுங்க. ஆனா அவர்கிட்ட நேரம் கிடைக்கிறதுதான் கஷ்டம்...

தம்பி: கிடைக்கும் சிஸ்டர்.

நர்ஸ்: எப்படி சார்?

தம்பி: அது... அக்கா, கோவிச்சுக்காதே. உன் ரத்தம் கட்டாயம் வேணும்னு இங்க யாரும் கேக்கலை. நானாத்தான் கதை கட்டினேன். டாக்டர்கிட்ட போலாம்னா வந்திருப்பியா நீ? போன வாரம் அந்த வெட்டின துணியைப் பாத்தன்னைக்கே என் டாக்டர்கிட்ட உன் பேருக்கு நேரம் கேட்டு வாங்கிட்டேன்.

அக்கா: பதினொரு மணிக்குத்தானே?

தம்பி: உனக்கெப்படித் தெரியும்?

அக்கா: பேருதான் என்னுது, நம்பராவது உன்னுதைக் குடுத்திருக்கக் கூடாதாடா, மக்கு? நேத்தே கூப்பிட்டு "வர்றீங்களா"ன்னு கேட்டாங்க, நானும் வர்றேன்னு சொல்லிட்டேன். எழுந்திரு... படியில மட்டும் என் கையை விட்டுடாதே, காலையில இருந்து கால் ரெண்டு ரெண்டாத்தான் ஏறுது.