உறைக்குள் சாவி மட்டும்

ஆறு மணிக்குமேல் வாடகைக் காரைத் திரும்ப எடுத்துக்கொள்வதில்லை என்றால் பலருக்குக் கோபம் வருகிறது. நியாயம்தான். முன்பு எங்கள் அலுவலகத்தில் அந்தக் கட்டுப்பாடு கிடையாது. வண்டியை வாசலில் நிறுத்தி, சாவியை உறையில் போட்டு, கதவிலிருக்கும் பெட்டிக்குள் தள்ளிவிட்டுப் போகலாம். காலையில் நான் வந்து வண்டியைச் சோதிப்பேன்.

சோதிப்பேன் என்றால், நாற்காலியை விட்டு எழாமல் படிவத்தில் டிக் அடிப்பேன். ஒருமுறை மேலாளரிடம் மாட்டிக்கொண்டேன். அவர் என் அக்காவின் கணவர்.

"இன்னொரு தடவை பாக்காம கையெழுத்துப் போட்டே, பொண்டாட்டி தம்பின்னெல்லாம் பாக்க மாட்டேன் மாப்ள. வீட்டுக்குப் போயி உக்காந்துகிட்டு டிக் அடி."

அதன் பிறகு ஒரு நாள் காலை, மகளைக் கல்லூரி விடுதியில் விட ஒருவர் கார் கேட்டு வந்தார்.

"மலை இறங்கணும் தம்பி. வண்டி நல்லா இருக்குல்ல?"

"தங்கமான வண்டி சார்."

உறையை உதறிச் சாவியைக் கொடுத்தேன். தலையணையைக் கட்டிக்கொண்டு ஏறிய அந்தப் பெண், "தேங்க்ஸ்ணா" என்றாள்.

அவர்கள் போன பிறகுதான் உறைக்குள் ஒட்டிக்கொண்டிருந்த காகிதத்தைப் பார்த்தேன். முந்தைய மாலை வண்டியை விட்டுப்போன ஓய்வுபெற்ற கம்பவுண்டர் எழுதியிருந்தார்: 'பிரேக்கை மிதித்தால் பிடிக்காமல் உள்ளே போகிறது. உருட்டிக்கொண்டுதான் வந்தேன். தயவுசெய்து யாருக்கும் கொடுத்துவிடாதீர்கள்.'

அவர்களுடைய போன் நம்பர் என் முன்னால் இருந்தது. மலைப்பாதையைத் தொட முக்கால் மணி நேரமாகும். கூப்பிட்டால் படிவம் வெளியே வரும். அதில் 'பிரேக் சரி' என்று என் கையெழுத்து. வயதானவர்கள் எதையும் பெரிதுபடுத்துவார்கள் என்று நினைத்துக்கொண்டு இன்னொரு டீ குடித்தேன்.

இருவருமே பிழைக்கவில்லை.

நின்ற வண்டியில் குறை தெரியவில்லை, ஓட்டி வந்தவருக்குத்தான் தெரிந்திருக்கும் என்று விசாரணையில் சொன்னேன். உறையில் சாவி மட்டும்தான் இருந்தது என்றும் சொன்னேன். கம்பவுண்டருக்கு இரண்டு வருடச் சிறை. அதன் பிறகுதான் ஆளில்லாத நேரத்தில் வண்டியைத் திரும்ப வாங்குவதை நிறுத்தினார்கள்.

"நல்ல வேளை மாப்ள, நீ பாத்து டிக் அடிச்ச" என்றார் அத்தான்.

போன வாரம் கம்பவுண்டரின் மனைவி வந்தார். "அவரு எழுதுறத பக்கத்துல இருந்து பாத்தேன் தம்பி. எங்கயாவது விழுந்திருக்கும். கொஞ்சம் தேடுங்களேன்."

காகிதத்தை நான் அன்றே கொளுத்திவிட்டேன். ஆனாலும் அந்த அம்மாவை உட்காரவைத்து, குடிக்கத் தண்ணீர் கொடுத்து, மேசைக்கடியில்கூடத் தவழ்ந்து அரை மணி நேரம் தேடினேன். கையெடுத்துக் கும்பிட்டுவிட்டுப் போனார். வேறு யாராக இருந்தாலும் அவ்வளவு பொறுமையாகத் தேடியிருக்க மாட்டார்கள்.