ஒன்பது பலகை போட்டுப் பூட்டிய மத்தியானம்

என் முட்டாள்தனத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். தெரு எரிகிறது. நான் கடைக்குப் பலகை போட்டுக்கொண்டிருக்கிறேன்.

புதன்கிழமை. ஆடிக்காற்று. மத்தியானம் இரண்டு பத்து.

"தீ! தீ! ஓடுங்கலே!"

டீக்கடைப் பக்கம் சத்தம். எல்லோரும் ஓடுகிறார்கள். நான் ஓடவில்லை. என் கயிற்றுக்கடைக்குக் கதவாக ஒன்பது நிரைப்பலகை. எண் போட்டது. வரிசை தப்பினால் சேராது. ஆறாவது எப்போதும் அடம்பிடிக்கும். அன்றும் பிடித்தது. குத்திக் குத்தி இறக்கினேன். குறுக்கே இரும்புப்பட்டை. பூட்டு. இழுத்துப் பார்த்தேன், இரண்டு தடவை. நெருப்பைத் திருடன் என்று நினைத்துவிட்டேன் போல.

எதிர்வரிசையில் போய் நிற்கிறேன். மடியில் சாவி. பெருமை வேறு.

ஓடுகள் தெறிக்கின்றன. சட், சட். தேங்காய் மண்டியில் தேங்காய் வெடிக்கிறது. டொப். டொப். டொப். ஒரு ஓய்வு. மறுபடி டொப், டொப், டொப். கொஞ்சம் கழித்துத்தான் உறைத்தது. தேங்காய் மூச்சு வாங்க நிற்காது. சத்தம் என் கடைப் பலகையில்.

பக்கத்துக் கடை மைதீன் காக்கா. கோரைப்பாய் வியாபாரம். என்னைவிட மூத்தவர். இரண்டு கடைக்கும் நடுச்சுவரில் ஒரு சின்ன வாசல். டீ அது வழியாகத்தான் கை மாறும். அன்று சாப்பிட்டுவிட்டுப் பின்னறையில் கண்ணயர்ந்திருக்கிறார். விழித்தபோது முன்பக்கம் பாய்கள் எரிகின்றன. நடுவாசல் வழியே என் கடைக்குள் வந்திருக்கிறார். உள்ளே இருட்டு. ஒன்பது பலகை.

"ஏலே தங்கப்பா! தொறலே! உள்ள நான்லே!"

ஓடினேன். பூட்டு கொதிக்கிறது. சாவி நுழைகிறது, திரும்பவில்லை. உள்ளங்கைத் தோல் பூட்டோடு போயிற்று.

"கூரையப் பிரிச்சு மேல வாங்க காக்கா! மேல!"

கயிற்றுச் சுருள்கள்மேல் ஏறி, வெறுங்கையால் ஓடு உடைத்து வெளியே வந்தார். என் கயிறு அந்த உதவியாவது செய்தது. நான் செய்யவில்லை. இறங்க ஒரு முழம் கயிறு இல்லை. இருபத்தாறு வருடமாகக் கயிறு விற்பவன். எல்லாம் உள்ளே, பத்திரமாக. கீழே நின்று கை விரித்தேன். குதித்தார். என் கைக்குத் தப்பித் தெருவோர ஓடையில் விழுந்தார்.

இப்போது அதே இடத்தில் கட்டுகிறார்கள். கான்கிரீட் தூண், இரும்பு ஷட்டர். ஆறு மாதமாகக் காக்கா என்னோடு பேசவில்லை. வருவார். சிமெண்டு இறுகத் தன் பக்கத்துச் சுவரை நனைப்பார். போவார். வேறு தெருவில் இடம் பார்ப்பதாகப் பேச்சு. எனக்கு இந்தத் தெருவில் அவரை விட்டால் வேறு யார் இருக்கிறார்கள்?

நேற்று கொத்தனார் கேட்டார். "நடுச்சுவர முழுசா அடச்சிரட்டா அண்ணாச்சி?" காக்காவைக் கேட்டுச் சொல்கிறேன் என்றேன்.

போனதை எழுதிவைக்கிறேன். பதினொரு கடை. ஒரு வேப்பமரம். டீக்கடைப் பூனை. காக்காவின் பாய் அத்தனையும். என் ஒன்பது பலகை. ஆறாவதுகூட அடம்பிடிக்காமல் எரிந்தது. ஆள் சாவு இல்லை. ஓடு உடைத்ததில் காக்காவின் வலது கையில் இரண்டு விரல். விழுந்ததில் இடது முட்டி. சாவி மட்டும் சேதமில்லாமல் என்னிடம் இருக்கிறது.

காக்காவிடம் போய் நின்றேன். மூன்று விரலால் தண்ணீர்க் குழாயைப் பிடித்திருந்தார்.

"காக்கா, நடுவுல வாசல் வைக்கட்டா, அடச்சிரட்டா?"

சுவரைப் பார்த்தபடியே சொன்னார்.

"வாசல வையி, ஒன் கடைய இனி நான் பூட்டிக்கிடுதேன்."