கனம் கூடாத மணல்பை

தேநீர் ஆறிவிடும், மிஸ். நீங்கள் சீனி சேர்ப்பதில்லை என்பதால் கித்துள் வெல்லத்தில் ஒரு துண்டு தனியாக வைத்திருக்கிறேன். கடித்துக்கொண்டு குடியுங்கள். ஆஸ்பத்திரி வேலை முடிந்த கையோடு இரண்டு பஸ் மாறி குளியாப்பிட்டிக்கு வருகிறவருக்கு இதுகூடச் செய்யாவிட்டால் எப்படி.

உங்கள் மடியில் கொட்டியிருப்பது உமிதான். பையைக் கையில் எடுத்தபோதே உங்களுக்குத் தெரிந்திருக்கும். தையலைப் பிரித்திருக்கத் தேவையில்லை. "என்ன அங்கிள் இது?" என்றீர்கள். இந்த வீட்டில் ஒருவர் என்னிடம் ஒன்றைக் கேட்டுப் பதினொரு வாரம் ஆகிறது. அதனால் சொல்கிறேன். சிறியாலதா உள்ளே கட்டிலில்தான் இருக்கிறாள். காதில் விழுந்தால் விழட்டும்.

ஜனவரியில் அவளை ஆஸ்பத்திரியில் உங்கள் பிசியோதெரபி அறைக்குக் கூட்டி வந்தேன். இரண்டு முழங்காலும் தேய்ந்திருந்தன. எக்ஸ்ரேயைப் பார்த்துவிட்டுக் கவிழ்த்து வைத்தீர்கள். "படத்த விடுங்க அம்மா. தேஞ்ச மூட்டுக்கு ஓய்வு மருந்தில்ல. தொடைச் சதை பலமா இருந்தா முழங்கால் சுகமா இருக்கும். வலி பத்துக்கு அஞ்சு வரைக்கும் வரலாம். மறுநாள் காலையில அடங்கிட்டா பயமில்ல" என்றீர்கள். பிறகு எல்லாரிடமும் கேட்பதை அவளிடமும் கேட்டீர்கள்.

"நல்லானதும் என்ன செய்யணும்? சந்தைக்குப் போகணுமா?"

"நூத்திப் பன்னெண்டு படி ஏறணும் மிஸ்."

"எங்க அம்மா?"

"பிக்குணி மடத்துக்கு. இறங்கத் தேவையில்ல. ஏறிட்டாப் போதும்."

நீங்கள் சிரித்தீர்கள். பக்கத்துக் கட்டிலில் தோளுக்கு மின்சாரச் சிகிச்சை எடுத்துக்கொண்டிருந்த மனிதரும் சிரித்தார். நானும் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை.

என்னிடம் அதற்கு முந்திய வருடமே சொல்லியிருந்தாள். தேங்காய் துருவிக்கொண்டிருந்தாள். "என்னங்க, நான் மடத்துக்குப் போயிடலாம்னு இருக்கேன்." கை நிற்கவில்லை. எத்தனை நாளைக்கு என்று கேட்டேன். "நாள் கணக்கில்ல" என்றாள். மகன் இத்தாலிக்குப் போய் ஒன்பது வருடம். அவன் போனதும் தன் வேலை முடிந்ததாக நினைத்திருக்கிறாள். எனக்குச் சமைப்பதையும் அந்த வேலையில் சேர்த்துவிட்டாள் போலிருக்கிறது.

துறவுக்குப் புருஷன் கையெழுத்து வேண்டும். நான் போட்டேன். விகாரையில் எல்லார் முன்னிலையிலும் கடிதத்தை வாசித்தார்கள். எல்லாரும் மூன்று முறை "சாது" என்று சொல்லி என்னை வாழ்த்தினார்கள். பஸ் டிப்போவில் முப்பத்தொரு வருடம் நேரக் காப்பாளராக நின்றவனை யாரும் அப்படிப் பார்த்ததில்லை. எனக்கு அது பிடித்திருந்தது என்பதை மறைக்கவில்லை. ஆனால் மடத்தின் தலைமை மாதா ஒரு நிபந்தனை வைத்தார். "இங்க தூக்கிவிட ஆளில்ல. தரையில உக்காந்தா தானா எழும்பணும். படி ஏறித் தானா வரணும். அது முடிஞ்சா போசன் பௌர்ணமிக்கு வாங்க."

ஆகவே பாருங்கள், நான் ஒரு வார்த்தைகூடத் தடுத்துச் சொல்லவில்லை. முழங்கால்தான் நடுவில் இருந்தது. அதை நான் வைக்கவில்லை.

பௌர்ணமி நாட்களில் சில் எடுக்க, அதாவது எட்டுச் சீலம் காக்க, விகாரைக்குப் போய்விடுவாள். மறுநாள் விடியும்வரை நான் தனியாக இருப்பேன். வெளியே போய்த் திரும்பினால் கதவைத் திறக்கும்போதே "வந்துட்டேன்" என்று சொல்வது என் பழக்கம். அந்த நாட்களில் சொல்லிவிட்டு வாசலிலேயே நிற்பேன். உள்ளே போனால் பதில் வரவில்லை என்பது உறுதியாகிவிடும். உங்களுக்குச் சின்ன வயது, இது விளங்காது. மகன் ஞாயிற்றுக்கிழமை பேசுவான். "அப்பா, அம்மாகிட்ட குடுங்க" என்பான்.

பயிற்சியை வீட்டில் பார்த்துக்கொள்ள ஒருவர் வேண்டும் என்றீர்கள். நான் ஒப்புக்கொண்டேன். நாற்காலியில் உட்கார்ந்து காலை நீட்டி பத்து விநாடி பிடிக்க வேண்டும், நான் எண்ண வேண்டும். அவள் கண்ணை மூடிக்கொண்டு என் எண்ணிக்கையைக் கேட்பாள். முதல் வாரம் சரியாகவே எண்ணினேன். ஏழில் அவள் உதடு நடுங்கியது. அடுத்த வாரம் கொஞ்சம் விரைவாக எண்ணினேன். அதற்கடுத்த வாரம் என் பத்து முடியும்போது கடிகாரத்தில் ஐந்து. அவளுக்கு வலி குறைந்தது. வலியைக் குறைப்பது குற்றமா என்று அப்போது என்னை நானே கேட்டுக்கொண்டேன். இல்லை என்றே தோன்றியது.

அவளுக்குச் சந்தேகம் வராமலில்லை. "உங்க பத்து ரொம்பச் சின்னதா இருக்கு. பஸ்ஸையும் இப்படித்தான் விட்டீங்களா?" என்றாள். "எங்க டிப்போ பஸ் எப்பவும் நேரத்துக்குப் போகும்" என்றேன். சிரித்தாள். அன்றைக்கு நன்றாக இருந்தோம்.

பிறகு கணுக்காலில் மணல்பை கட்டச் சொன்னீர்கள். வாரம் அரைக் கிலோ கூட்ட வேண்டும். என் பழைய காக்கிக் காற்சட்டையை வெட்டி நானே தைத்தேன். ஒவ்வொரு வாரமும் பையைப் பிரித்து நடுவில் உமி அடைத்துச் சுற்றிலும் மணல் போட்டுத் தைப்பேன். பை பெருத்துக்கொண்டே போனது. கனம் அப்படியே இருந்தது. நீங்கள் அவளுடைய தொடையை நாடாவால் அளந்து, "ஏன் சதை பிடிக்கல?" என்று யோசித்தீர்கள். சாப்பாட்டைக் கேட்டீர்கள், தூக்கத்தைக் கேட்டீர்கள். என்னைக் கேட்கவில்லை. பயிற்சி நோட்டில் ஒரு நாள் விடாமல் நான் குறித்திருந்த அடையாளங்களைப் பார்த்து, "இப்படி ஒரு புருஷன் யாருக்குக் கிடைக்கும்" என்றீர்கள்.

பக்கத்து வீட்டு ரம்மெனிகேயும் ஏறக்குறைய அதைத்தான் சொன்னாள், அவள் பாணியில். "அடியேய் சிறியா, காலு நல்லானா எல்லாரும் புருஷனோட ஊர் சுத்துவாங்க. நீ ஒருத்திதான் புருஷனை விட்டு ஓடுறதுக்குக் காலைச் சரிபண்ணுற. அவரு வேற உக்காந்து எண்ணித் தர்றாரு, பாவம்."

அந்தப் பாவம் என்ற சொல்லை நான் பல நாள் மனதில் வைத்திருந்தேன்.

மே மாதம் ஒரு காலை, பூஜை அறைக் கதவு கொஞ்சம் திறந்திருந்தது. புத்தர் படத்துக்கு முன்னால், தேங்காய் துருவும் அந்தத் தாழ்ந்த பலகையில் உட்காருவதும் எழும்புவதுமாக இருந்தாள். புத்தரின் ஒன்பது குணங்களையும் ஒவ்வொன்றாகச் சொல்லி, ஒரு குணத்துக்கு ஒருமுறை எழும்பினாள். ஒன்பது முடிந்ததும் மறுபடி முதலிலிருந்து. முதுகுப்பக்கம் சட்டை நனைந்திருந்தது. எத்தனை வாரமாகச் செய்தாள் என்று தெரியாது. என் எண்ணிக்கை அவளுக்கு வேண்டியிருக்கவில்லை. நான் வருத்தப்படக்கூடாது என்பதற்காக அதையும் செய்துவந்தாள்.

ஜூன் முதல் வாரம் நீங்கள் பார்த்தீர்கள். முப்பது விநாடியில் நாற்காலியிலிருந்து கையூன்றாமல் பதினான்கு தடவை எழுந்தாள். நீங்கள் கைதட்டி, "போயிட்டு வாங்க அம்மா" என்றீர்கள். "வர மாட்டேன்" என்றாள். அப்போதும் எல்லாரும் சிரித்தோம்.

அந்த மாதத்துப் போசன் பௌர்ணமிக்கு முந்திய நாள் எங்கள் வீட்டில் அன்னதானம். பிக்குமார் எழுவர் வருவதாக இருந்தது. எங்கள் பக்கம் தானத்துக்கு முன் எல்லா வீட்டிலும் தரைக்குச் சிவப்பு மெழுகு போட்டுத் தேங்காய் மட்டையால் தேய்ப்பார்கள். நானும் முன்தின இரவு கூடத்துக்குப் போட்டேன், அறைகளுக்குப் போட்டேன். பிறகு அடுப்படியிலிருந்து கொல்லைக்கு இறங்கும் இரண்டு படிக்கும் போட்டேன். படிக்கு யாரும் போடுவதில்லை. நான் இரண்டு தடவை போட்டேன்.

விடியற்காலை அவள் பூப்பறிக்க அந்த வழியாகத்தான் இறங்குவாள். நான் அடுப்படியில் இருந்தேன். கேத்தலில் தண்ணீர் கொதிக்கும் தறுவாயில் இருந்தது. சத்தம் கேட்டதும் உடனே போகவில்லை. நீர் கொதித்து, அடுப்பை அணைத்து, பிறகு போனேன். ஒரு நிமிடம் இருக்கும். நிமிடத்தில் எனக்குத் தவறு வராது.

வலது தொடை எலும்பு இரண்டாகியிருந்தது. அவள் படியின் விளிம்பை ஒரு விரலால் தடவி, சிவந்த விரலை என் பக்கம் நீட்டினாள். நான் குனிந்து என் சாரத்தின் நுனியால் அந்த விரலைத் துடைத்துவிட்டேன்.

டாக்டரிடம் வழுக்கிவிட்டது என்று மட்டும் சொன்னாள். மகனிடமும் அதையே சொன்னாள். இதில் என்மேல் ஒரு அன்பு இருக்கிறது என்று நினைக்கிறேன். பேச்சுதான் இல்லை. கஞ்சி வைத்தால் குடிக்கிறாள். புரட்டிப் படுக்க வைத்தால் படுக்கிறாள். கடைக்குப் போய்த் திரும்பும்போது "வந்துட்டேன்" என்று சொல்கிறேன். உள்ளே ஆள் இருக்கிறது. அதுவே வித்தியாசமாக இருக்கிறது, மிஸ். பதில் வராவிட்டாலும் கேட்க ஒருவர் இருக்கிற வீடு இது.

நீங்கள் போன வாரம் முறியாத இடது காலுக்குப் பயிற்சி தொடங்கினீர்கள். எண்ணுவதற்காக வந்து நின்றேன். "அவர் வேணாம் மிஸ். நானே எண்ணிக்கிறேன்" என்று உங்களிடம் சொன்னாள். அதன்பிறகுதானே நீங்கள் பழைய பையைத் தேடினீர்கள். நான் மறைத்து வைக்கவில்லை, அலமாரியின் மேல்தான் இருந்தது.

அந்த நாளிலிருந்து மாலையில் தவறாமல் எண்ணுகிறாள். கடிகாரத்தை வைத்துப் பார்த்தேன். சுத்தமான பத்து விநாடி, ஒன்றுகூடக் குறையாது. கட்டிலுக்கும் அடுப்படிக்கும் நடுவே இரண்டு சுவர் இருக்கின்றன. தனக்காக மட்டும் எண்ணுகிறவள் அத்தனை சத்தமாக எண்ண வேண்டியதில்லை.

தேநீரை வைத்துவிட்டு ஏன் எழுந்துவிட்டீர்கள்? கொஞ்சம் இருங்கள். இதோ, தொடங்கிவிட்டாள். கேட்கிறதா? பதினொரு வாரத்துக்குப் பிறகு, மிஸ், என்னோடு பேசுகிறாள்.