கிதியோனை வாசித்த ஞாயிறு, விசில் ஊதாத செவ்வாய்

2025 பிப்ரவரி 18, செவ்வாய்க்கிழமை.

காலை 4.50க்கு எழுந்தேன். 5.15க்குச் செபம். 5.40க்குப் பால் சங்கத்தைத் திறந்தேன். பாலை அளந்து, தரம் பார்த்து, ஏட்டில் எழுதுவது என் வேலை. பத்தொன்பது வருடமாகச் செய்கிறேன். அன்று காலை வந்தது 184 லிட்டர். 7.30க்கு வண்டி வந்தது. கேன்களை ஏற்றினோம். தரையைக் கழுவினேன். வீட்டுக்கு வந்து களியும் முந்தைய நாள் கீரைக் குழம்பும் சாப்பிட்டேன். 9.15க்கு நோட்டை எடுத்துப் பையில் வைத்தேன்.

இது வேறு நோட்டு. இதில் பால் கணக்கு இல்லை. வேட்டுக் கணக்கு இருக்கிறது.

எங்கள் ஊர் இண்டூரிலிருந்து மூன்று கிலோமீட்டர். நாற்பது வீடு. எல்லாம் கத்தோலிக்கக் குடும்பங்கள். கிழக்கே கல்குவாரி. கடைசி வீட்டிலிருந்து குவாரி வேலி வரை 412 எட்டு. நானே நடந்து எண்ணினேன். பாறைக்கு வேட்டு வைப்பது தினம் இரண்டு முறை. மதியம் 1.00. மாலை 5.30. அதற்குப் பத்து நிமிடம் முன்னால் முனியப்பன் சிவப்புக் கொடி கட்டிய வண்டியில் தெருவுக்குள் வருவார். குவாரியில் அவருக்கு அதுதான் வேலை. விசில் மூன்று முறை. பிறகு குரல்.

"வேட்டு! வேட்டு! உள்ள போங்க!"

உள்ளே என்றால் கோவில், இல்லாவிட்டால் பால் சங்கம். தளம் போட்ட கட்டடம் இரண்டுதான். மற்றவை ஓடும் சிமெண்ட் ஷீட்டும். பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு ஓடுகிறோம். ஆடுகளை அவிழ்த்து இழுக்கிறோம். முதலில் காலுக்குத் தெரியும். தரை ஒரு முறை தூக்கிப் போடும். அப்புறம்தான் காதுக்குச் சத்தம். அதற்குப் பிறகு நான்கு, ஐந்து எண்ணுவதற்குள் ஷீட்டுகள்மேல் கல் விழும் சத்தம். சட. சட. சட. அப்புறம் தூசி. பிறகு வெளியே வருகிறோம். விட்ட வேலையைப் பார்க்கிறோம்.

வெளியூர்க்காரர்கள் இதைக் குவாரிப் பிரச்சினை என்கிறார்கள். ஒரு பக்கம் வெடிக்கிறது. இன்னொரு பக்கம் ஓடுகிறது. நான் இதைப் போர் என்றுதான் எழுதுவேன்.

நோட்டில் ஒவ்வொரு வேட்டுக்கும் ஒரு வரி. நேரம். எத்தனை கல். எங்கே விழுந்தது. ஒன்றே முக்கால் வருடம் எழுதியிருந்தேன்.

அந்தப் பிப்ரவரியில் குவாரியை எங்கள் பக்கமாக இன்னும் அகலப்படுத்த அனுமதி கேட்டிருந்தார்கள். கருத்துக் கேட்புக் கூட்டம் 18ஆம் தேதி காலை 11 மணிக்கு, இண்டூரில் ஒரு கல்யாண மண்டபத்தில். நேரில் வந்து சொன்னால்தான் எடுபடும் என்றார் எங்கள் வக்கீல்.

யார் வருவது என்று முடிவு செய்ய, 16ஆம் தேதி ஞாயிறு மாலை 4 மணிக்கு அன்பியம் கூடியது. வாரம் ஒரு வீட்டில் குடும்பங்கள் சேர்ந்து விவிலியம் வாசிக்கும் கூட்டம் அது. நடத்துபவள் நான். அன்று ரோஸ்லின் வீட்டு முறை. வயது 38. கணவர் சேசுராஜ் அதே குவாரியில் டிப்பர் ஓட்டுகிறார். வாசலில் ஷீட் நிழலில் புளி மலையாகக் கிடந்தது. அவள் புளி உடைப்பவள். அதை ஓரமாகத் தள்ளிவிட்டுப் பாய் விரித்திருந்தாள். வந்தவர்கள் 31 பேர்.

நீதித்தலைவர்கள் நூல், ஏழாம் அதிகாரம் எடுத்தேன். மிதியானியர் வந்து விளைச்சலை அழித்துக்கொண்டிருந்த காலம். அவர்களோடு மோதக் கிதியோன் ஆள் சேர்க்கிறான். முப்பத்திரண்டாயிரம் பேர். இது அதிகம் என்கிறார் கடவுள். பயப்படுகிறவன் திரும்பிப் போகலாம் என்று அறிவிக்கச் சொல்கிறார். இருபத்திரண்டாயிரம் பேர் போய்விடுகிறார்கள்.

மூன்றாம் வசனத்தில் நிறுத்தினேன்.

"நம்மளும் அப்படியே பண்ணுவோம். பயப்படறவங்க வர வேணாம். அங்க வந்து நடுங்கறதுக்கு வூட்லயே இருங்க" என்றேன்.

அந்தோணி பாலக்கோடு மார்க்கெட்டுக்குத் தக்காளி வண்டி ஓட்டுகிறவர். அவருக்கு இந்தக் கதை தெரியும்.

"அக்கா, அப்புறம் தண்ணிய நக்கிக் குடிக்கற பரிச்சையும் வருமே. எனக்கு டம்ளர்லதான் பழக்கமுங்க."

எல்லோரும் சிரித்தார்கள். ரோஸ்லின் சிரிக்கவில்லை. முதலில் கை தூக்கியது அவள்.

"எனக்குப் பயமா இருக்குதுங்கக்கா. அவரு வண்டிய புடுங்கிக்கிட்டா நாங்க என்னாங்க பண்றது?" கொஞ்சம் நிறுத்தினாள். "நீங்க பக்கத்துல ஒக்காந்துக்கறீங்கன்னா வரேங்க."

"அங்க பேசறவங்களுக்குத்தான் எடம். கை புடிச்சிக்கறவங்களுக்கு இல்ல. நீ இரு."

இதுதான் நான் சொன்னது. ஒரு சொல்லும் கூட்டவில்லை. குறைக்கவில்லை.

அவளுக்குப் பின்னால் ஒவ்வொரு கையாக எழுந்தது. அவளோடு சேர்த்து 22 கைகள். விவிலியத்தில் இருபத்திரண்டாயிரம், இங்கே இருபத்திரண்டு. இந்தப் பொருத்தம் எனக்குப் பிடித்திருந்தது. கடவுளே எண்ணித் தந்த மாதிரி. அப்படியே குறித்தும் வைத்தேன். நேரம் 4.48. மாலைப் பாலுக்கு 5 மணிக்குச் சங்கத்தைத் திறக்க வேண்டும். அதனால் நடுவில் இருந்த வசனங்களை விட்டுவிட்டேன். மண்பானையும் தீப்பந்தமும் எக்காளமும் கொண்டு கிதியோன் தாக்கும் இடத்துக்குத் தாவினேன். வெற்றியை வாசித்தேன். ஆமென் சொன்னோம். 4.57க்குக் கிளம்பிவிட்டேன்.

செவ்வாய்க்கிழமைக்கு வருகிறேன்.

10.35. மண்டபத்துக்குள் ஒன்பது பேராக நுழைகிறோம். முன்வரிசை எல்லாம் குவாரி ஆட்கள். முதல் வண்டியிலேயே கொண்டுவந்து உட்கார வைத்திருக்கிறார்கள். டிரைவர்கள், கல் உடைப்பவர்கள், சமையல்காரர் வரைக்கும். நாலாவது நாற்காலியில் முனியப்பன். காக்கிச் சட்டை. எங்களைப் பார்த்ததும் தலையைக் குனிந்துகொண்டார்.

11.30க்கு என் பெயரைக் கூப்பிட்டார்கள். மைக் முன்னால் நிற்கிறேன். நோட்டை விரிக்கிறேன். முன்வரிசை ஆரம்பிக்கிறது.

"உக்காரு பால்காரம்மா."

"பால்ல எவ்ளோ தண்ணின்னு அந்த நோட்ல எழுதியிருக்குதா?"

"பொய்யிங்க சார். அத்தனையும் பொய்யி."

கடைசிக் குரல் முனியப்பனுடையது. சொல்லிக்கொடுத்ததைச் சொன்னார். சத்தமாகச் சொன்னார். வருடக்கணக்கில் கத்திப் பழகிய குரல். நான் படிப்பது எனக்கே கேட்கவில்லை.

11.42. தரை தூக்கிப் போட்டது. ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. பிறகு சத்தம்.

மண்டபம் அமைதியானது. அன்றைக்கு முதல் அமைதி அது. நான் நோட்டைத் தலைக்குமேல் தூக்கினேன்.

"கேட்டீங்களா சார்? மணி பதினொன்னு நாப்பத்திரெண்டு. ஒரு மணிக்குத்தான் வேட்டுன்னு இவங்களே இப்ப சொன்னாங்க. இது யாரு வெச்சது?"

அதிகாரிகள் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். ஒருவர் எழுதினார். நானும் எழுதினேன். 11.42. அடியில் இரண்டு கோடு போட்டேன். ஜெயித்துவிட்டோம் என்று நினைத்தேன். சந்தோஷமாக இருந்தேன். இதை மறைத்தால் இந்தச் சாட்சியம் பொய்.

ஒன்றைப் பார்த்தேன். புரிந்துகொள்ளவில்லை. வெடித்த நொடியில் முனியப்பனின் கை சட்டைப் பைக்குப் போனது. விசில் அங்கேதான் இருந்தது. அவர் எழுந்து வெளியே ஓடினார். பயந்து ஓடுகிறார் என்று நினைத்தேன்.

விசில் ஊதுகிற மனிதரை எங்களுக்கு எதிராகக் கத்துவதற்கு அழைத்து வந்திருந்தார்கள். ஊர் முழுக்கக் கூட்டத்துக்குப் போயிருக்கும், விசில் வேண்டாம் என்று குவாரியில் முடிவு செய்து வேட்டு வைத்திருந்தார்கள். ஊர் போகவில்லை. பயந்தவர்கள் வீட்டில் இருந்தார்கள். நான் இருக்கச் சொல்லியிருந்தேன்.

12.04க்கு அந்தோணியின் போன் அடித்தது. கேட்டார்.   "ரோஸ்லினுங்கக்கா" என்றார். வண்டிச் சாவியை எடுத்தார்.

12.17. அவருடைய வண்டியிலிருந்து குதிக்கிறேன். தெருமுனையில் முனியப்பன் மண்ணில் உட்கார்ந்திருக்கிறார். எங்களுக்கு முன்னால் வந்து சேர்ந்துவிட்டார். விசில் கையில் இருக்கிறது.

"நான் இங்க இருந்திருந்தா ஊதியிருப்பேங்க" என்றார். என்னைப் பார்த்துச் சொல்லவில்லை.

ரோஸ்லின் வீட்டு வாசல். ஷீட்டில் ஒரு ஓட்டை. வெயில் அந்த ஓட்டை வழியாகப் புளிமேல் விழுகிறது. அவள் புளிக்குப் பக்கத்தில் சாய்ந்து கிடக்கிறாள். சுத்தியல் கையிலேயே இருக்கிறது. பாதி உடைத்த புளி மடியில். தலையின் இடது பக்கம். அதற்குமேல் எழுத மாட்டேன். கல் ஓரமாகக் கிடந்தது. தூக்கிப் பார்த்தேன். ஐந்து லிட்டர் கேன் நிறையப் பால் இருந்தால் என்ன கனமோ அந்தக் கனம். கீழே வைத்தேன். உயிர் போய் அரைமணி நேரம் ஆகியிருந்தது.

சேசுராஜ் லோடு இறக்கப் போன இடத்திலிருந்து 12.50க்கு வந்தார். டிப்பரைத் தெருவுக்கு வெளியே நிறுத்திவிட்டு நடந்து வந்தார். ஆம்புலன்ஸ் 1.10. தருமபுரி அரசு மருத்துவமனை. மறுநாள்தான் உடலைத் தருவார்கள். அன்று 1.00க்கு வேட்டுச் சத்தம் இல்லை. 5.30க்கும் இல்லை.

மாலை 5.20. பால் அளந்துகொண்டிருக்கிறேன். வெள்ளைச் சட்டையில் இரண்டு பேர் சங்கத்துக்குள் வந்தார்கள். ஒருவர் கேன்மேல் உட்கார்ந்தார்.

"பாவமுங்க அந்தப் பொண்ணு. மலையில இருந்து கல்லு தானா உருண்டு வந்து உழுந்துருச்சு. அப்படித்தானுங்களே அக்கா?"

நான் பாலை அளந்துகொண்டே இருந்தேன்.

"அந்த நோட்டக் குடுத்துருங்க. உங்களுக்கு எதுக்குங்க அது. தெனம் விடியறதுக்கு முன்ன தனியா நடந்து வரீங்க. நாங்களும் பாத்துக்கிட்டுத்தான் இருக்கறோம்."

"நோட்டு வூட்ல இருக்குது" என்றேன். பொய். அவர் உட்கார்ந்திருந்த கேனுக்குப் பின்னால் பையில் இருந்தது.

"காலைல பத்து மணிக்கு வந்து வாங்கிக்கறோம்" என்று எழுந்து போனார்கள்.

அவர்கள் போன பிறகு ஏட்டை எடுத்தேன். மாலைப் பால் இருக்க வேண்டிய இடத்தில் காலைக் கணக்கைத் திரும்ப எழுதிவிட்டேன். 184. பத்தொன்பது வருடத்தில் முதல் பிழை. அடித்துத் திருத்தினேன்.

ஏழு மணிக்கு விவிலியத்தை எடுத்தேன். ஞாயிறு தாவிய வசனங்களை வாசித்தேன். பத்தாம் வசனம் அங்கே இருந்தது. தாக்கப் போவதற்கு முன் கடவுள் கிதியோனிடம் பேசுகிறார். கீழே இறங்கிப் போகப் பயமாயிருந்தால் உன் வேலைக்காரன் பூராவையும் கூட்டிக்கொண்டு போ என்கிறார். கிதியோன் பூராவைக் கூட்டிக்கொண்டுதான் போகிறான்.

மூன்று முறை வாசித்தேன். கிதியோனுக்குப் பயம் இருந்திருக்கிறது. பயந்தவர்களைத் திருப்பி அனுப்பியவன் தானே பயந்திருக்கிறான். கடவுள் அவனை வீட்டுக்குப் போ என்று சொல்லவில்லை. ஒரு ஆளைத் துணைக்குத் தந்தார். பூரா ஒரு வார்த்தை பேசியதாக அங்கே இல்லை. கூடப் போனான். அவன் வேலை அவ்வளவுதான். ரோஸ்லின் என்னிடம் கேட்டதும் அவ்வளவுதான். பத்தாம் வசனத்தை அவள் வாசிக்கவில்லை. ஆனால் அதைத்தான் கேட்டாள். அவசரத்தில் தாண்டிப்போனது நான்.

நோட்டைப் பற்றியும் அன்றுதான் புரிந்தது. ஆட்கள் பிழைக்க வேண்டும் என்றுதான் அதை எழுத ஆரம்பித்தேன். 11.42க்கு அதை மறந்துவிட்டேன். அந்த நேரத்தில் யார் வெளியே இருப்பார்கள் என்று நினைக்கவில்லை. கோடு போட்டுக்கொண்டிருந்தேன்.

இழந்தவை. ரோஸ்லின், வயது 38. ஒரு சினை ஆடு, அந்தோணியுடையது. சிமெண்ட் ஷீட் ஆறு. ஓடு நாற்பத்தேழு. கோவிலின் தெற்கு ஜன்னல் கண்ணாடி இரண்டு. சேசுராஜின் வேலை. அன்று மாலையே டிப்பர் சாவியை வாங்கிக்கொண்டார்கள். முனியப்பனும் வேலையை விட்டுவிட்டார், அவரே. நான் வீட்டுக்கு அனுப்பியவர்கள் 22. அதில் ஒருத்தி இனி எந்தக் கூட்டத்துக்கும் வரப்போவதில்லை. விழுந்த கற்கள் 19. என் நோட்டில் அன்றைய வரியில் இருந்தது நேரம் மட்டும்தான். மற்றதைப் பிறகு நிரப்பினேன்.

பிப்ரவரி 19, புதன்கிழமை. 4.50க்கு எழுந்தேன். 5.40க்குப் பால் சங்கத்தைத் திறக்கவில்லை. 5.40க்குச் சேசுராஜ் வீட்டுக் கதவைத் தட்டினேன். அவர் தூங்கியிருக்கவில்லை.

"போலீஸ் ஸ்டேஷனுக்கு நோட்டக் குடுக்கப் போறேன் தம்பி" என்றேன். "எனக்குப் பயமா இருக்குது. கூட வரியா?"

அவர் கதவை முழுதாகத் திறந்தார்.

"எனக்கும் பயம்தாங்கக்கா."

"தெரியும். அதான் வந்தேன்."

கொடியில் கிடந்த சட்டையை எடுத்தார். புளித் தூசியை உதறினார். மாட்டிக்கொண்டார். மணி 5.52. இருவரும் அடுத்த வீட்டுக் கதவைத் தட்டினோம்.