சம்பந்தியின் இரவு மாத்திரை

டீ நன்றாக இருக்கிறது, தலைவரே. நீங்களும் குடியுங்கள், ஆறிவிடும். ஓ, தைராய்டு மாத்திரை இப்போதுதான் போட்டீர்களா? அப்படியானால் கொஞ்சம் பொறுத்துக் குடிப்பதுதான் முறை. வெறும் வயிற்றில் போட்டுவிட்டு டீயைத் தள்ளி வைக்கிறவர்களைப் பார்த்தால் எனக்கு மனம் குளிர்ந்துவிடும்.

என் மனைவி அஷ்ரஃபுன்னிசா ஜமாஅத் தலைவரான உங்களிடம் என்மேல் பிராது கொடுத்ததில் எனக்கு வருத்தமில்லை. எங்கள் மூத்த மகள் சைமாவை அந்த வீட்டில் ஏன் கட்டிக்கொடுத்தேன் என்று உங்கள் முன்னால் நான் சொல்ல வேண்டும். சொல்லும்வரை சைமா என் வாசற்படி மிதிக்கமாட்டாள். நியாயமான கேள்விதான். பதில் சொல்கிறேன். ஆனால் கேள்வி கேட்கும் வித்தையைப் பற்றி முதலில் சொன்னால்தான் அந்தப் பதில் உங்களுக்குப் புரியும்.

பூந்தமல்லியில் நான் மருந்துக்கடை வைத்திருப்பது உங்களுக்குத் தெரியும். "மாத்திரை ஒழுங்கா போடுறீங்களா?" என்று கேட்டால் ஊரில் ஒருவர் பாக்கியில்லாமல் "கரெக்டா போடுறேன்" என்பார்கள். அது பதில் இல்லை, நமக்குக் கொடுக்கும் மரியாதை. அம்பத்தூரில் கடைக்காரர்களுக்கு ஒரு பயிற்சி வகுப்பு நடத்தினார்கள். அங்கேதான் தெரிந்துகொண்டேன். "எல்லாருக்கும் மறக்கத்தான் செய்யும், உங்களுக்கு எப்போ மறக்கும்?" என்று கேட்க வேண்டும். கேட்டுவிட்டு வாயை மூடிக்கொள்ள வேண்டும். அந்த மௌனத்தை யாராலும் தாங்க முடியாது. மேனாம்பேட்டிலிருந்து வரும் பொன்னம்மாள், டாக்டர் எழுதிய சத்து மாத்திரைகளையெல்லாம் ரோஜாச் செடிக்குப் போட்டதை அப்படித்தான் கக்கினார். செடி நன்றாக இருக்கிறதாம்.

கமாலுதீன் ஒருவர் மட்டும் மசியவில்லை. பந்தல் சாமானும் பிரியாணி அண்டாவும் வாடகைக்கு விடுகிறவர், நல்ல மனிதர். மாதாமாதம் என் கடை ஸ்டூலில் உட்கார வைத்து பிரஷர் பார்ப்பேன். ஒவ்வொரு முறையும் எகிறியிருக்கும். நான் சீட்டில் எழுதிக் கொடுப்பேன், டாக்டர் மாத்திரையைக் கூட்டுவார், மறுமாதம் இன்னும் எகிறும். காரணம் ஒன்றுதான் இருக்க முடியும். இரவு மாத்திரையை அவர் போடுவதில்லை.

"எப்போ மறக்கும் பாய்?" என்று கேட்டேன்.

"மறக்கவே மறக்காது."

நான் மௌனமாக இருந்தேன். அவரும் இருந்தார். நெற்றியில் வேர்த்துக் கொட்டியது, ஆனால் வாய் திறக்கவில்லை. காலி அட்டைகளைக் கொண்டுவரச் சொன்னேன். பை நிறையக் கொண்டுவந்து கொட்டினார். மாத்திரையை வாஷ்பேசினில் போட்டாலும் அட்டை காலியாகத்தானே செய்யும் என்றேன்.

"இன்னா ஷவுகத் பாய், கொலகாரன விசாரிக்கிற மாதிரி கேட்டுகினு கீற? ராத்திரி சோறு துன்னதும் போட்டுகினுதான் படுக்குறேன். நம்பலன்னா ஊட்டாண்ட வந்து பாத்துக்க."

கோபத்தில் சொன்னதுதான். ஆனால் நான் அதை நிதானமாக யோசித்தேன். தினமும் ராத்திரி அடுத்தவர் வீட்டில் போய் உட்கார்வது முறையாகாது. நம்முடைய ஆள் ஒருவர் அந்த வீட்டில் நிரந்தரமாக இருந்தால்தான் உண்டு. அவருக்கு முதஸ்ஸிர் என்று கல்யாண வயதில் ஒரு மகன் இருப்பது அப்போதுதான் நினைவுக்கு வந்தது.

பையன் தங்கமானவன். அம்பத்தூர் எஸ்டேட்டில் வேலை, பாக்குகூடப் போடமாட்டான். இதையெல்லாம் நானும் விசாரித்தேன், பேசி முடித்த பிறகு.

நிச்சயத்தன்று எல்லாரும் சாப்பிட உட்கார்ந்தபோது, கை கழுவப் போவதாகச் சொல்லிவிட்டு அவர்கள் அடுப்படி அலமாரியைப் பார்த்துவந்தேன். அஷ்ரஃபுன்னிசா பின்னாலேயே வந்து, "சம்பந்தி ஊட்ல இன்னாத்தத் தேடுறீங்க?" என்றாள். ஏலக்காய் டப்பா வரை திறந்து பார்த்தாயிற்று, மாத்திரை அகப்படவில்லை. என் சந்தேகம் உறுதியானது.

கல்யாணத்தன்று மகளை வழியனுப்பும்போது குனிந்து அவள் காதில் ஏதோ சொன்னேன். அதைப் பார்த்து மண்டபமே கண் கலங்கியது. வீடியோவில்கூட அந்த இடத்துக்கு ஷெனாய் போட்டிருக்கிறார்கள். நான் சொன்னது, "ராத்திரி சாப்பாட்டுக்கு அப்புறம் மாமா இன்னா பண்றாருன்னு பாத்து வை" என்பதுதான்.

பிறகு தினமும் போன் செய்தேன். மாத்திரை போட்டாரா என்று நேரடியாகக் கேட்கவில்லை. அப்படிக் கேட்கக் கூடாது என்றுதான் சொன்னேனே. "சாப்ட்டுட்டு எல்லாரும் இன்னா பண்ணீங்க?" என்று கேட்டுவிட்டு மௌனமாக இருப்பேன். அத்தாவுக்குத் தன்மேல் எவ்வளவு பாசம் என்று புருஷனிடம் பெருமைப்பட்டுக்கொண்டாளாம். ஒருநாள் தனக்குக் காய்ச்சல் என்றாள். மாமாவுக்கு ஒட்டிக்கொள்ளவில்லையே என்று கேட்டேன். இப்போது யோசித்தால், அதை இரண்டாவதாகக் கேட்டிருக்கலாம்.

அதற்குப் பிறகுதான் கமாலுதீன் விழுந்தார். கடையைத் திறந்து சாமான்களை ஒழுங்குபடுத்திக்கொண்டிருந்தவர் தலைசுற்றி, இருப்பதிலேயே பெரிய அண்டாவுக்குள் தலைகுப்புறப் போய்விட்டார். ஆள் வைத்துச் சாய்த்துத்தான் வெளியே எடுத்தார்கள். பெரிய அடி ஒன்றுமில்லை. சைமா பயந்துபோய் ஒரு பிரஷர் மெஷின் வாங்கி, வீட்டிலேயே காலையும் மாலையும் பார்த்திருக்கிறாள். பார்த்துவிட்டு எனக்குப் போன் போட்டாள்.

"மாமா ஒரு நாள் உடாம மாத்திர போடுறாரு அத்தா, நானே தண்ணி எடுத்துக் குடுக்குறேன். ஊட்ல பாத்தா பிரஷர் ரொம்பக் கம்மியா கீது. உங்க கடப் படி ஏறுனாத்தான் ஏறுது. நீங்க கேக்குற கேள்விக்கு பயந்துகினு ஏறுது. உங்க சீட்ட நம்பி டாக்டரு மாத்திரயக் கூட்டிகினே போயிருக்காரு."

டாக்டரும் அதையே சொல்லி மாத்திரையைக் குறைத்துவிட்டார். சம்பந்தி இப்போது திடமாக இருக்கிறார். மருந்து வேறு கடையில் வாங்குகிறார்.

அன்றைக்கு அத்தோடு அவள் போனை வைக்கவில்லை. "என்ன எதுக்கு அத்தா இந்த ஊட்ல குடுத்தீங்க?" என்று கேட்டுவிட்டுச் சும்மா இருந்தாள். என்னிடமிருந்துதான் கற்றிருக்க வேண்டும். தாங்க முடியாமல் நான்தான் போனை வைத்தேன்.

இதோ, மேசைமேல் இருக்கும் உங்கள் போனில் அவள் கேட்டுக்கொண்டிருக்கிறாள் என்று தெரியும். நீங்களும் கேட்டுவிட்டு வாய் திறக்காமல் உட்கார்ந்திருக்கிறீர்கள், தலைவரே. நல்ல முறை. சொல்லிவிடுகிறேன். சைமா, உன்னைக் கட்டிக்கொடுத்தது உனக்காக இல்லை. உன் மாமா இரவு மாத்திரை போடுகிறாரா என்று பார்ப்பதற்காகத்தான். நீ அங்கே சந்தோஷமாக இருக்கிறாய் என்றால் அது அல்லாஹ்வின் கருணை, என் சாமர்த்தியம் எதுவும் இல்லை. சொல்லும்போது எனக்கு நெஞ்சு வலிக்கிறதம்மா. பெற்றவனுக்கு வலிக்காமல் இருக்குமா.

"ஞாயித்துக்கெழம ஊட்டுக்கு வர்றேன் அத்தா. ஆனா இனிமே மாத்திரயப் பத்தி யாரையும் ஒரு கேள்வி கேக்கக் கூடாது. கேட்டீங்க, அப்புறம் இந்த ஜென்மத்துல வரமாட்டேன்."

கேட்கவே மாட்டேன், தாயே.

அவ்வளவுதான், தலைவரே. திருந்திவிட்டேன். அப்படியே எழுதிக்கொள்ளுங்கள். போனை நீங்கள் இன்னும் அணைக்கவில்லை, பரவாயில்லை, மகளும் கேட்கட்டும். நான் எதையும் கேட்கப் போவதில்லை, ஒரு விஷயம் சொல்கிறேன், அவ்வளவுதான். பொறுத்துக் குடிக்க வேண்டிய அந்த டீயை, நான் கதையில் ஏலக்காய் டப்பாவுக்கு வருவதற்குள்ளேயே நீங்கள் குடித்து முடித்துவிட்டீர்கள். வீட்டில் தினமும் இப்படித்தானா என்று நான் கேட்கமாட்டேன். வாக்குக் கொடுத்துவிட்டேன். என் சின்ன மகள் ரைஹானா பி.காம் முடித்துவிட்டுச் சும்மாதான் இருக்கிறாள். உங்கள் பாரிவாக்கம் வீட்டில் கல்யாண வயதில் ஒரு பையன் இருப்பதாகக் கேள்விப்பட்டேன்.